நுளம்பு பறக்கும் தூரம்

என் மகள் றஷ்மிக்கு டெங்கு என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒருவர்தான் நிற்கலாம் என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எங்கள் வீட்டாருக்கு மூன்று மொழியும் வாசிக்கத் தெரியும். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருப்பார்கள். என் கணவர் றொஹானின் அண்ணன் கிளெமென்ற் ஒரு குலை செவ்விளநீரைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். றொஹானின் அக்கா பேர்ணடெற் பப்பாசி இலையை இடித்துப் பிழிந்த சாற்றை ஒரு போத்தலில் கொண்டுவந்தார். வாசலில் நின்ற காவலாளி, கலியாண வீடு இங்கே இல்லை என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர்களைக் கண்ட பிறகுதான் அன்று முதல் தடவையாகக் கதிரையில் இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். எங்கள் பிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் காலமானால், லிஃப்டுக்குள் ஒட்டிய அறிவித்தலில்தான் அவருடைய பெயரே தெரியவரும். கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகுதான், ஒரு தும்மலுக்கு மற்ற மாடிகளிலிருந்து இஞ்சித் தேநீர் வருவதைக் கண்டேன். மாமனார் விட்டுப்போன கைக்குட்டை அளவு காணியில், பிள்ளைகள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகக் கட்டிய வீடு அது. கீழே கிளெமென்ற் அண்ணா. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் ஷெல்டன் இத்தாலியில். நடுவில் பேர்ணடெற் அக்கா. அதற்கு மேல் நாங்கள். எங்களுக்கு மேல் கூரையில்லாத வெறும் சிலாப். ஷெல்டன் வந்ததும் அங்கே அவனுக்கு ஒரு மாடி எழும்பும் என்பது இந்த வீட்டின் விசுவாசங்களில் ஒன்று. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எங்கள் வீட்டில் தசை ஓயாமல் ஆடும். மூளைக்குத்தான் வேலை குறைவு.

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பயம் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளையின் உடம்பு குளிர்ந்ததும் நான் சந்தோசப்பட்டேன். தாதிமார் அப்போதுதான் ஓடத் தொடங்கினார்கள். குடித்ததை அளந்தார்கள், மூத்திரம் பெய்ததை அளந்தார்கள். நான் கட்டிலைச் சுற்றி நடந்தேன். கட்டிலைச் சுற்ற இடமில்லாதபோது நின்ற இடத்திலேயே நடந்தேன். ஒருவழியாகக் கண்டம் தாண்டியது. வார்டு டொக்டர் ஷிஹாரா வந்து, நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாதீங்கோ. ஆனா ஒண்டு சொல்லோணும்," என்றார் அவர். "இவவுக்கு இந்த வகை இனி வராது. டெங்குவில நாலு வகை இருக்கு. வேற வகை வந்தா, ரெண்டாந்தரம் கடுமையாப் போகலாம். வீட்டைச் சுத்தி நல்லாப் பாருங்கோ. இந்த நுளம்பு கனதூரம் பறக்காது. பிள்ளையைக் கடிச்சது உங்கட வீட்டிலயோ பக்கத்து வீட்டிலயோதான் பிறந்திருக்கும்."

எனக்கு உடனே சிலாப்பில் கிடக்கும் பாத் டப் ஞாபகம் வந்தது.

கல்கிசையில் ஒரு பழைய ஹோட்டலை இடித்தபோது கிளெமென்ற் அண்ணா அதை வாங்கிவந்தார். ஷெல்டனின் மாடிக்காம். மாடி இல்லை, குழாய் இல்லை, ஷெல்டனும் இல்லை. குளிக்கிற தொட்டி மட்டும் வந்துவிட்டது. எங்கள் படிக்கட்டு ஒடுக்கம். பக்கத்து வீட்டு பௌஸி நானாதான் தன் படியைத் திறந்துவிட்டு, தானும் ஒரு பக்கம் பிடித்து, இரண்டு சிலாப்புக்கும் நடுவில் உள்ள அரைச்சுவருக்கு மேலால் அதை ஏற்றித் தந்தார். குப்பை போய் அடைக்கக் கூடாது என்று கிளெமென்ற் அண்ணா தொட்டியின் துவாரத்துக்குச் சீமெந்து பூசினார். மேலே பொலித்தீன் கட்டினார். அது வெயிலில் கிழிந்து உள்ளே தொங்கிற்று. பிறகு மழை வந்தது. துவாரம் இல்லாத தொட்டியில் மழை வேறு என்ன செய்யும்? நான் இரண்டு தரம் சொன்னேன். அவர் சிலாப்புக்குப் போகும் மேல்கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

றொஹானை வார்டில் விட்டுவிட்டு முச்சக்கர வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன். நாளைக்குள் அந்தத் தொட்டி போக வேண்டும். வழியெல்லாம் இதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். வண்டியால் இறங்கும்போது பௌஸி நானாவின் மனைவி உம்மு குல்தூம் வாசலில் நின்றார். "ராத்தா, பிள்ளைக்குச் சுகம்," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேர்ணடெற் அக்கா எங்கள் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். என் உடுப்பெல்லாம் தோய்த்து மடித்து வைத்திருந்தார்.

"பீ.எச்.ஐ. வந்தவர், தெரியுமே?" என்றார். முகம் பூரித்திருந்தது. "டெங்கு எண்டு ஆஸ்பத்திரி அறிவிச்சா சுகாதாரப் பரிசோதகர் வீடு பாக்க வருவினமாம். மேல என்ன இருக்கு எண்டு கேட்டார். ஒண்டுமில்லை, சாவி துலைஞ்சு போச்செண்டு அண்ணா சொன்னார். நானும் அதையே சொன்னன். றொஹானும் போனில அதையேதான் சொன்னவன். ஒரு சொல்லுப் பிசகேல்லை!"

"றொஹானுமோ?"

"பின்ன? ஆள் விடுற மாதிரி இல்லை. பிள்ளைக்கு அங்கால இருந்துதான் வந்திருக்கும் எண்டு பக்கத்து வீட்டைக் காட்டிவிட்டம். அங்க பிரிஜ்ஜுக்குப் பின்னால தட்டில தண்ணி நிண்டு நுளம்புக் குடம்பி நெளிஞ்சதாம். வழக்குப் போட்டிட்டார். அந்தோனியார்தான் எங்களைக் காப்பாத்தினது."

"ஆரிட்ட இருந்து அக்கா?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. கஞ்சியைக் கிளறினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்களுக்குச் சொந்தம் ஒரு வட்டம். அதற்குள் இருப்பவனுக்காகப் பொய் சொல்வார்கள், பட்டினி கிடப்பார்கள், பிள்ளைக்கு ரத்தம் வேண்டுமென்றால் வரிசையில் நிற்பார்கள். நுளம்புக்கு வேறு வட்டம். அது தான் பறக்கும் தூரத்தை வைத்துத்தான் கீறும். எங்கள் வீடும் பௌஸி நானாவின் வீடும் அந்த வட்டத்துக்குள் ஒரே குடும்பம். இத்தாலியில் இருக்கிற ஷெல்டன் அதற்கு அந்நியன்.

கீழே இறங்கிப் போனேன். கிளெமென்ற் அண்ணா சாய்மனைக் கதிரையில் இருந்து நாளைக்கு றஷ்மிக்கு வெட்டப்போகும் இளநீர்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மேல் சாவியைத் தாங்கோ. டப்பைக் கவிட்டு விடுவம். பிள்ளை நாளைக்கு வருது."

"இப்ப வேண்டாம். பீ.எச்.ஐ. இன்னும் இந்தப் பக்கம் திரியிறான். அமளி அடங்கட்டும்."

"அடங்குமட்டும் நுளம்பு பாத்துக்கொண்டு இருக்குமோ?"

"அது ஷெல்டன்ர சாமான்." துணியைக் கீழே வைத்தார். "என்ர பிள்ளையின்ர சாமானால என்ர றஷ்மிக்கு வருத்தம் வருமோ? நீ படிச்சனி, யோசிச்சுக் கதை. எங்கட வீட்டில பிறந்தது எங்கட பிள்ளையைக் கடிக்காது. அது அங்கால இருந்து வந்தது."

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். எங்கள் சிலாப்பில் பிறந்த நுளம்பு முறை தெரிந்து, சித்தப்பா பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் என்று நம்பினார். றஷ்மிக்கு உயிரைக் கொடு என்றால் அந்த மனிதர் அந்த இடத்திலேயே கொடுப்பார். சாவியைக் கொடு என்றால் மாட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மா சொல்லவில்லை. ஒரு மகனின் கனவுக்கும் ஒரு தம்பி மகளின் ரத்தத்துக்கும் நடுவில் வந்தபோது, மனிதருக்குத் தராசு தானாகச் சாய்ந்துவிட்டது.

றொஹானுக்குப் போன் எடுத்தேன். "இப்ப ஏன் அண்ணாவோட சண்டை?" என்றார். "பிள்ளை முதல்ல வரட்டும். பிறகு ஆறுதலாக் கதைப்பம்." ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டதும் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. படிக்கட்டில் ஏறினேன், இறங்கினேன், திரும்பவும் ஏறினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். பேர்ணடெற் அக்கா கஞ்சிக் கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கிளெமென்ற் அண்ணா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உம்மு குல்தூம் ராத்தா கதவைப் பாதி திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"உங்கட சிலாப்பால எங்கட சிலாப்புக்குப் போகோணும். அந்தத் தொட்டியை வெறுமையாக்கப் போறன்."

"இப்பதான் அது ஞாபகம் வந்தீக்கி," என்றார். "உங்கட ஆக்கள் கையக் காட்டினாங்க, பீ.எச்.ஐ. எங்கட குசினிக்குள்ள வந்துட்டான். தட்டுல தண்ணி இருந்தது மெய்தான். அது எங்கட பிழ. நான் இல்லண்டு செல்லல்ல. ஆனா உங்கட மேல ஈக்கிறத்த மறச்சது ஆருட பிழ? அந்தத் தொட்டிய எங்கட ஊட்டு ஆம்புளதான் தூக்கித் தந்தாரு."

வெட்கமாக இருந்தது. அப்படியே சொன்னேன்: "எனக்கு வெக்கமா இருக்கு, ராத்தா."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவருடைய மகள் நஸ்லா பேறுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைவயிற்றோடு மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தாள். "இவளுக்கு வந்தா ரெண்டு உசிரு," என்றார். "நீங்க கேட்டதுக்காக உடல்ல. இவளுக்காகத்தான் உடுறன். வாங்க."

அரைச்சுவரை நான் தாண்டினேன். ராத்தா தன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். பொலித்தீனை விலக்கினேன். பச்சைத் தண்ணீர். அதற்குள் குடம்பிகள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. நிழல் விழுந்ததும் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. தொட்டியைக் கவிழ்க்கப் பார்த்தேன், அசையவில்லை. சீமெந்தைச் சுரண்டினேன், நகம்தான் உடைந்தது. ராத்தா உள்ளே போய் ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்களும் வாங்கோவன்," என்றேன்.

"நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டன். நாளைக்கி எங்கட ஊட்டு ஆம்புளயப் புடிச்சிட்டுப் போவாங்க. உங்கட தொட்டி. நீங்கதான் அடிக்கோணும்."

ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியோ நாலாவதோ, அடிப்பக்கம் வெடித்துத் தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு பாய்ந்தது. கொதிக்கிற சிலாப்பில் குடம்பிகள் துள்ளி, காய்ந்து, கறுப்புப் புள்ளிகளாயின. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாவம் என்று தோன்றவில்லை. எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நான் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போது கீழே சத்தம் கேட்டது. சிலாப்புத் தண்ணீர் மழைப் பீலியால் இறங்கிக் கிளெமென்ற் அண்ணாவின் பின்கட்டில் நிறைந்துவிட்டது. அவர் மேலே போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்த கையோடு பொலிசுக்கும் அறிவித்திருக்கிறார். நான் இறங்கி வருவதற்குள் ஒரு சார்ஜன் வாசலில் நின்றார். வேலையால் அப்போதுதான் வந்த பௌஸி நானா, சாப்பாட்டுப் பை கையில் இருக்கத் தன் வீட்டுப் படியில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த பேர்ணடெற் அக்கா எல்லாரையும் விட உரத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"வழக்குப் போட்ட கோவத்தில சுவர் ஏறி வந்து உடைச்சிருக்கிறாங்கள்!"

"நான்தான் உடைச்சனான், அக்கா," என்றேன்.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் பெரிதாகச் சொன்னேன். கிளெமென்ற் அண்ணா என் தலையைத் தடவினார். உண்மையாகவே தடவினார். "நீ போய் இரு, அம்மா. பிள்ளைக்கு வருத்தம் வந்ததில உனக்கு மனசு சரியில்லை. எங்கட ஆள் அப்பிடிச் செய்யாது."

"மல்லாந்து கிடந்து துப்பாத, சாமினி," என்று பேர்ணடெற் அக்கா காதுக்குள் சொன்னார். "அவையளைக் காப்பாத்த உன்ர மூஞ்சையில நீயே துப்புறியோ?"

சாவி தொலைந்தது என்று சொன்ன அதே ஒற்றைக் குரல் இப்போது எனக்காகப் பேசியது. இத்தனை வருசமும் எனக்கு இஞ்சித் தேநீர் தந்த குரலும் அதுதான். அதற்குள் நான் பத்திரமாக இருந்தேன். பௌஸி நானா வெளியே நின்றார். இதைச் செய்தது நான் என்று என்னாலேயே நிறுவ முடியவில்லை. தமிழில் சொன்னால் வீட்டைத் தாண்டாது என்று, சார்ஜனுக்கு முன்னால் போய் நின்று சிங்களத்தில் சொன்னேன்: "மம தமய் கெடுவே." நான்தான் உடைத்தேன்.

சார்ஜன் என்னைப் பார்த்தார். அதற்குள் பேர்ணடெற் அக்கா பாய்ந்து வந்து, என்னை விட நல்ல சிங்களத்தில், இவளுக்குத் தலை சரியில்லை, பிள்ளை ஆஸ்பத்திரியில் என்று கெஞ்சினார். அவருடைய கண்ணில் உண்மைக் கண்ணீர். சார்ஜன் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் பௌஸி நானாவின் பக்கம் திரும்பி, அடையாள அட்டையைக் கேட்டார். உம்மு குல்தூம் ராத்தா கதவருகில் நின்றார். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சார்ஜனின் கையைப் பிடித்தேன். பொலிஸ்காரரின் கையைப் பிடிக்கக் கூடாது என்று தெரியும். "மேல வாங்கோ மகாத்தயா, வாங்கோ," என்று இழுத்துக்கொண்டே படியேறினேன். அவருக்குப் பின்னால் முழுக் குடும்பமும் ஏறியது. மேல்கதவு திறந்தபடிதான் கிடந்தது. சுத்தியல் தொட்டிக்குப் பக்கத்தில் நான் விட்ட இடத்தில் கிடந்தது. எடுத்தேன். எல்லாருக்கும் முன்னால், உடையாமல் இருந்த மற்றப் பக்கத்தில் ஓங்கி ஒரு அடி. விளிம்பு பெரிய துண்டாகக் கழன்று விழுந்தது. இன்னொரு அடி. கை மரத்துப்போனது.

"இப்ப நம்புறீங்களோ?" என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று ஞாபகமில்லை.

சார்ஜன் உடைந்த தொட்டியைப் பார்த்தார், காய்ந்து ஒட்டியிருந்த கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தார். இது வீட்டுப் பிரச்சினை, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பௌஸி நானாவை அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கிளெமென்ற் அண்ணா குந்தி இருந்து, கழன்ற துண்டை எடுத்துத் திரும்பவும் அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. கையை எடுத்ததும் விழுந்தது.

"ஷெல்டனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபம் இருந்தது, அதற்குக் கீழே அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றும் இருந்தது. "றஷ்மி நாளைக்கு வாறாள், அண்ணா," என்று மட்டும் சொன்னேன். பேர்ணடெற் அக்கா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னைக் கடந்துதான் போனார்கள். யாரும் என்னைத் தொடவில்லை.

அடுத்த நாள் துண்டு வெட்டிக்கொண்டு வந்தோம். றொஹான் கீழே வண்டிக்காரரோடு பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் வண்டிக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் றஷ்மியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பிள்ளை காற்றுப் போல இருந்தாள். எங்கள் வீட்டில் கதவுகள் இரவில் மட்டும்தான் மூடுவது. கிளெமென்ற் அண்ணாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வானொலி மெல்லப் பாடியது. காலடிச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது. அடுத்த மாடியில் பேர்ணடெற் அக்காவின் கதவும் சாத்தியிருந்தது. மீன் பொரியும் மணம் வந்தது. மூச்சு வாங்க அங்கே கொஞ்சம் நின்றேன். ஒருவேளை திறப்பார்களோ என்றும் நின்றேன்.

"அம்மா, பெரியப்பாவும் மாமியும் ஏன் கதவைச் சாத்தி வச்சிருக்கினம்?"

"நுளம்பு வருமெண்டு, செல்லம்."

றஷ்மி என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு யோசித்தாள். "பகலிலயோ?"

"ஓம்," என்றேன். "இந்த நுளம்பு பகலிலதான் கடிக்கும்."